உடம்பில் ஆறாத நீர்க்கொப்புளம்... அம்மையா, அக்கியா, ‘பெம்ஃபிகஸ்’ நோயா? வைரஸுக்கு இதில் என்ன தொடர்பு?

உடம்பில் நீர்க்கொப்புளம் வந்தாலே நம்ம வீடுகளில் முதலில் வரும் வார்த்தை ‘அம்மை’. உடனே வாசலில் வேப்பிலை ஏறிவிடும். ஒரு பக்கமாக மட்டும் வந்தால் ‘அக்கி’ என்று சொல்லி, காவி குழைத்து அக்கி எழுத அழைத்துப் போவார்கள். சின்னம்மை, அக்கி இரண்டுக்குமே காரணம் ஒரே வைரஸ்தான். பெரும்பாலும் சில வாரங்களில் காய்ந்துவிடும்.

ஆனா, வாரக்கணக்கில் ஆறாமல், புதுசு புதுசாக கொப்புளம் வந்துகொண்டே இருந்தால்? ‘பெம்ஃபிகஸ் வல்காரிஸ்’ என்ற நோயையும் சந்தேகப்பட வேண்டும்.

பெம்ஃபிகஸ் என்றால் என்ன?

மேல்தோலில் செல்கள் செங்கல் மாதிரி அடுக்கி இருக்கும். அவற்றை ஒட்டிவைக்கும் சிமென்ட் வேலையை டெஸ்மோக்ளீன் 1, டெஸ்மோக்ளீன் 3 என்ற புரதங்கள் செய்கின்றன. கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி இந்தப் புரதங்களையே தாக்கினால் செல்கள் பிரிந்து, நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். கொப்புளம் தொளதொளவென இருக்கும், துணி உரசினாலே உடையும். சிலருக்கு நல்ல தோலை லேசாகத் தேய்த்தாலும் உரிந்து வரும்.

பெரும்பாலானவர்களுக்கு இது தொடங்குவது தோலில் அல்ல, வாயில். ‘உடம்பு சூடு’ என்று மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் சாப்பிட்டே மாதங்கள் ஓடிவிடும். சாப்பிடவே முடியாமல் எடை குறைந்த பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

வைரஸ் எங்கே வருகிறது?

உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் மரபணு, சில பெம்ஃபிகஸ் நோயாளிகளின் புண்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஹெர்பிஸ், கொரோனா தொற்றுக்குப் பிறகு நோய் தொடங்கியதாகவும், அடங்கியிருந்தது திரும்பியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அப்படின்னா வைரஸ்தான் காரணமா? அது நிரூபிக்கப்படவில்லை. மரபணு ரீதியாக வாய்ப்புள்ள ஒருவருக்கு, தொற்று தூண்டுகோலாக அமையலாம் என்பதே மருத்துவர்களின் கணிப்பு. சில மாத்திரைகளும் இப்படித் தூண்டுவதுண்டு.

ஆனால் வைரஸுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நோயாளிக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பெம்ஃபிகஸுக்கு கொடுக்கும் ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். அந்த நேரத்தில் திறந்த புண்களில் ஹெர்பிஸ் வைரஸ் புகுந்துவிடலாம். புண் ஆறாது, வலி கூடும். பார்ப்பதற்கு பெம்ஃபிகஸ் முற்றியது போலவே இருக்கும். அதை நம்பி ஸ்டீராய்டு அளவை ஏற்றினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். இந்த நிலைக்குத் தேவை ‘அசைக்ளோவிர்’ போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. புண்ணில் மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். மருந்து எடுத்தும் திடீரென மோசமானால், ‘ஹெர்பிஸ் இருக்குமா டாக்டர்?’ என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

தொட்டால் ஒட்டுமா?

பெம்ஃபிகஸ் ஒட்டாது. தனித் தட்டு, தனி அறை தேவையில்லை. (சின்னம்மை பரவும் என்பது வேறு விஷயம்.)

சிகிச்சை உண்டா?

ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். தோலில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸி, இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைகள் செய்து நோயை உறுதி செய்கிறார்கள். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா உருவாக்கிய ‘பல்ஸ் தெரபி’, மாதத்தில் 3 நாள் ஸ்டீராய்டை ஊசியாகச் செலுத்தும் முறை. இந்தியா முழுக்கப் பலருக்கு வாழ்வு கொடுத்தது. இப்போது முன்னணியில் இருப்பது ‘ரிடுக்ஸிமாப்’ ஊசி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-ல் இதற்கு அனுமதி தந்தது. ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த வைரஸ், இந்த மருந்தால் விழித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கொஞ்சம் ஆறியதும் ஸ்டீராய்டு மாத்திரையை தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தடுப்பூசி போடுவதாக இருந்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் இவர்களுக்கு ஆகாது.

வாய்ப்புண் 3 வாரத்துக்கு மேல் ஆறவில்லையா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. நேராக அங்கே போய்க் காட்டலாம்.