கல்லில் பிறந்த காகிதத் தெய்வங்கள்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகளைத் தூண் தூணாகப் பார்க்கலாம். விஜயநகரக் காலத்துச் சிற்பிகள் உளி கொண்டு செதுக்கியவை. அதே புராணங்கள் நம் வீட்டுச் சுவருக்கு வந்ததும் ஒரு கல்லின் வழியாகத்தான். ஆனால் அந்தக் கல்லில் செதுக்கவில்லை, வரைந்தார்கள். அதுதான் கல்லச்சு. அச்சகத்தார் அதை லித்தோ என்பார்கள்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் புராணங்கள் அச்சேறிவிட்டன. ரஃபேல் வரைந்து கொடுத்த ‘பாரிஸின் தீர்ப்பு’ காட்சியை மார்கன்டோனியோ ரைமொண்டி செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். கோடுகள் அபாரம், வண்ணம் மட்டும் இல்லை. 1790களின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்த பிறகே வண்ண அச்சுக்கு அகலமான பாதை திறந்தது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே இதன் சூட்சுமம். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். மேலே கோந்தும் சிறிது அமிலமும் பூசிப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை நனைத்தால் வெற்றிடம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் ஈரத்தைத் தள்ளும். மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார்.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும். இம்மி பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வைச் சேலை நெய்யும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

ஓவியர் ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் இத்தகைய அச்சகம் தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் பின்னாளில் அதை விலைக்கு வாங்கி நடத்தினார். லட்சுமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் மலிவு விலைப் படங்களாக நாடெங்கும் பரவினர். கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட மக்களும் தெய்வத்தின் முகத்தைத் தங்கள் வீட்டிலேயே பார்த்துக் கும்பிட முடிந்தது. ஓவியக் கலைக்கு இதைவிடப் பெரிய பேறு எது? வாங்கியவர்கள் அம்மன் சேலைமேல் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்துச் சட்டம் போட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சாமி படம் இருந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள் வரிசை தவறாமல் நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. கையால் இட்டதுபோல் சிறிதும் பெரிதுமாகச் சிதறியிருந்தால் கல்லச்சாக இருக்கலாம். மங்கிவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.