கீழைக்காற்றும் கம்பளியும்: எல்லையோர வீடுகளின் குளிர்காலம்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடருக்கு உறுப்பினர்கள் சால்வையும் கோட்டுமாக வந்து இறங்கும் நாள்களில், தமிழகமும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் தெற்கு எல்லையில் குளிர் வேறு வடிவில் நுழைகிறது. வாளையாரில் அது பனியாக வருவதில்லை, காற்றாக வருகிறது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்திருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடலின் ஈரக்காற்று இதன் வழியாகக் கோவைக்குள் புகும். கார்த்திகை பிறந்தபின் காற்று திசை மாறுகிறது. தமிழகப் பக்கத்திலிருந்து கிழக்குக் காற்று இந்த வாசலில் நுழைந்து, வாளையார், கஞ்சிக்கோடு, சித்தூர் வட்டாரத்துக் கரும்பனைகளை இரவெல்லாம் உலுக்குகிறது. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின்டெ இதிகாசம்' (1969) நாவலைப் படித்தவர்கள் இந்தப் பனைகளையும் காற்றையும் அறிவார்கள். கேரள மின்வாரியம் 1990-களில் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவியதற்கும் இந்தக் கணவாய்க் காற்றே காரணம்.

சமவெளியான வாளையாரில் வெப்பமானி பெரிதாக இறங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் உதட்டை வெடிக்கச் செய்து, சன்னல் கதவை அடித்துக்கொண்டே இருக்கும் அந்த வறண்ட காற்று மாலையிலேயே மக்களை வீட்டுக்குள் தள்ளிவிடுகிறது. காட்டோரக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல் முற்றும் பருவத்தில் யானைகள் இறங்கிவரும். இருட்டியபின் வெளியே நடமாட்டம் இல்லை.

எனவே இன்பம் அடுப்படியில்தான். பனங்கிழங்கு தோண்டி அவிக்கும் காலம் இது. அவரையும் மொச்சையும் பனி குடித்துக் காய்க்கும் மாதங்கள். தேங்காய்த் தொட்டியும் பனைமட்டையும் எரியும் அடுப்பில் வெந்நீர் காய, பக்கத்தில் கொள்ளு ரசம் கொதிக்கும். எதற்கும் பெரிய செலவு கிடையாது. விறகு பொறுக்கியது, கிழங்கு கொல்லையில் விளைந்தது.

மார்கழித் திருவாதிரை நாளில் இந்த எல்லையின் இரு சமையல்களும் அருகருகே வருகின்றன. தமிழ் வீடுகளில் வெல்லமிட்ட களியும் பல காய்கள் சேர்ந்த கூட்டும். மலையாள வீடுகளில் பெண்கள் அன்று அரிசியை விலக்கி, கூவைக்கிழங்கு மாவில் செய்த இனிப்பும் கிழங்குகளும் பயறும் சேர்ந்த புழுக்கும் உண்பார்கள். கிழங்குகளைக் கனலில் சுட்டெடுக்கும் 'எட்டங்காடி' என்ற வழக்கமும் உண்டு. காச்சில், சேம்பு, சேனை, கூர்க்கன் என்று மண்ணுக்கடியில் விளைந்தவை எல்லாம் ஒரே நெருப்பில் வேகும். ஒரே நட்சத்திரத்துக்கு இரு மொழிகளில் இரு பதார்த்தங்கள். பாலக்காட்டுத் தமிழ் வீடுகள் பலவற்றில் இரண்டும் உண்டு.

வாளையார் என்றதும் நாட்டின் பிற பகுதியினருக்கு நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வரும்வரை, வணிக வரிச் சாவடியின் முன் லாரிகள் நீண்ட வரிசையில் நின்றன. ஓட்டுநர்களுக்கு வீடு என்பது லாரியின் நிழலே. மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு பாத்திரம் கஞ்சியும்தான் அவர்களின் மார்கழி. வரிச்சாவடி போனதில் வருந்துவோர் யாரும் இருக்க முடியாது. அந்த வரிசையை நம்பிப் பிழைத்த தேநீர்க் கடைக்காரர்களைத் தவிர.

இதே எல்லைக்கோட்டைத் தெற்கே தொடர்ந்து ஆனைமலையைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். அங்கே குளிர் விளையாட்டல்ல. மூணாறைச் சுற்றிய உயர்ந்த எஸ்டேட்களில் மார்கழி, தை மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். 2019 ஜனவரியில் அதற்கும் கீழே சென்று, பல நாள்கள் உறைபனி படிந்து தேயிலைச் செடிகள் கருகின. சுற்றுலாப் பயணிகள் புல்வெளியில் படிந்த வெண்பனியைப் படமெடுத்தனர். தொழிலாளிக்கோ கருகிய செடி என்றால் பறிக்க இலை இல்லை என்று பொருள்.

அங்கும் மாலையின் இன்பம் அடுப்பைச் சுற்றியே. 'லயம்' எனப்படும் வரிசை வீட்டின் சிறிய சமையலறையில் யூகலிப்டஸ் விறகு புகைய, குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்கிறது. பறித்த கொழுந்தின் தரமான தூள் கொச்சி ஏலத்துக்குப் போகும். பறித்த கை குடிப்பது பால் சேராத 'கட்டன் சாயா'. மறையூர் வெல்லம் கிடைத்தால் அதில் ஒரு கட்டி. இந்த வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்புப் பாகு கொதிக்கும் கொப்பரையின் பக்கத்தில் நிற்பதே மறையூரில் ஒரு குளிர்கால சுகம். அவித்த மரவள்ளியும் காந்தாரி மிளகாய்த் துவையலும் இரவு உணவு. வானொலியில் கோடைப் பண்பலை.

எளிமையே இன்பம் என்று நகரத்து வார இதழ்கள் இப்போது எழுதித் தள்ளுகின்றன. விட்டுக்கொடுக்க ஏதேனும் இருப்பவருக்கே எளிமை ஒரு தேர்வாகும். லயத்தின் கணப்புக்கோ ஒரு நிபந்தனை உண்டு. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு ஒருவர் தோட்ட வேலைக்கு வராவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். மலையில் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் இதுவே விதி.

கம்பளிக்கு ஒரு சட்டப்பிரிவு: இந்தக் குளிரைப் பற்றி நாடாளுமன்றம் ஒருமுறை நேரடியாகவே சிந்தித்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கத் தொழிலாளர்களுக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளிகள் வழங்க வேண்டும் என விதி இயற்ற மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. 13-வது பிரிவு பொழுதுபோக்கு வசதிகளைப் பேசியது. 15-வது பிரிவு வீட்டைப் பேசியது. சட்டம் 1954 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தின் நிலையை அறிய விரும்புவோர், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலைப் படிக்கலாம். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அது தமிழில் வந்துள்ளது. கங்காணி தந்த முன்பணக் கடனில் ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் குளிரே முதல் எதிரியாக இருந்தது.

சட்டம் வந்த சில ஆண்டுகளில் எல்லையும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என மார்ஷல் நேசமணி உள்ளிட்டோர் வாதாடினர். அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்ற கணிப்பின் அடிப்படையில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் அவை கேரளத்தின் பகுதிகள். வந்து போகிறவர்கள் எனப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றனர்.

அவர்களில் பெண்கள் 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, 'பெண்கள் ஒற்றுமை' என்று அவர்கள் திரண்டனர். அப்போதைய நாள் கூலி 232 ரூபாய், கேட்டது 500. போனஸ் மீண்டது. கூலி 301 ரூபாய் ஆனது. அந்தப் போராட்டத்தில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி வீட்டைப் பற்றியதே: ஒழுகும் கூரை, ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், நோய்க்கு மருந்து.

ஐந்து ஆண்டுகள் கழித்து 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தோரில் பலரது சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. வீடு என்பதே கேள்விக்குள்ளாகும் இடத்தில் வீட்டின் சிறு இன்பங்களைப் பற்றி எழுதுவது எளிதல்ல.

எரிபொருளும் தில்லியும்: குளிர்கால அடுப்பைத் தீர்மானிக்கும் இன்னொரு கை மத்திய அரசுடையது. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கான மத்திய மானியம் 2020-ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் பயனாளிகளுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். சிலிண்டரில் சமைக்கலாம், குளிர்காய முடியாது. மலைவீட்டில் விறகடுப்பு மறையாததற்கு இந்த எளிய உண்மையும் ஒரு காரணம். புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. அரிசியைப் பொருத்தவரை நிலைமை மேல். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேரளமும் தமிழகமும் 2016 நவம்பரில்தான் ஏற்றன. 2023 ஜனவரி முதல் அதன்கீழ் வரும் குடும்பங்களுக்குத் தானியம் இலவசம்.

கம்பளிப் பிரிவைக் கொண்டிருந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைக்கப்பட்டது. மக்களவை 2020 செப்டம்பர் 22 அன்றும், மாநிலங்களவை மறுநாளும் அதை நிறைவேற்றின. எதிர்க்கட்சியினர் பெரும்பாலோர் அவையைப் புறக்கணித்திருந்த நாள்கள் அவை. தோட்டத் தொழிலாளர் பற்றிய ஒரு வரியைக்கூட முழுமையாக விவாதிக்க அப்போது ஆளில்லை. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 92-வது பிரிவு குடிநீர், சமையலறை, கழிப்பறையுடன் கூடிய வீடு, குழந்தைகள் காப்பகம், கல்வி, மருத்துவம், பொழுதுபோக்கு ஆகியவற்றைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. சமையலறை சட்டத்தின் சொல்லாகியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் குடைக்கும் கம்பளிக்கும் பழைய சட்டத்தில் இருந்தது போன்ற தனிப்பிரிவு இதில் இல்லை.

தொகுப்புச் சட்டங்களை மாநிலத்தில் செயல்படுத்தப் போவதில்லை என்று 2025 நவம்பரிலேயே கேரளத் தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். எல்லைக்கு இப்பால், வால்பாறையிலும் நீலகிரியிலும் அதே கொழுந்தைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கும் அதே கேள்வி நிற்கிறது. மழைக்கும் குளிருக்கும் எதைப் போர்த்துவது என்பதை இனி எந்த விதி சொல்லும் என்று தோட்டத் தொகுதிகளின் உறுப்பினர்கள் எவரேனும் அவையில் கேட்டால், அமைச்சர் பதிலளித்தாக வேண்டும். குளிர்காலக் கூட்டத்தொடர் அதற்குப் பொருத்தமான காலம்.