காலையுணவும் நனிசைவமும்

யாழ்ப்பாணத்திலே ‘சைவம்’ என்னும் சொல் சமயத்தையும் உணவையும் ஒருங்கே குறிக்கும். ‘அவர் சைவம்’ என்றால், அவர் மச்ச மாமிசம் தொடாதவர் என்பதே பொருள். நல்லூர்த் திருவிழா நடைபெறும் இருபத்தைந்து நாளும் அடுக்களையில் மச்சச் சட்டி ஏறாத வீடுகள் பல. ஆயினும், இச்சைவத்துள் பாலும் தயிரும் நெய்யும் தேனும் அடங்கும். அவை பூசைக்கும் உரியன.

இவற்றையும் விலக்குவது வேறொரு நோன்பு. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே டொனால்ட் வட்சன் முதலானோர் சங்கம் அமைத்து, அதற்கு ‘வீகன்’ எனப் பெயரிட்டனர். தமிழில் அதனை ‘நனிசைவம்’ என்பர். உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்கள் எனத் தொல்காப்பியம் கூறுதலின், அப்பெயர் பொருத்தமானதே. பிறநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுட் சிலர் இந்நோன்பினர். அவர்க்குப் பெட்டியில் அடைத்த காலையுணவைக் கொடுக்கலாமா என்பது பெற்றோர் பலருக்கு எழும் வினா. ‘தானியத்தில் மச்சம் ஏது?’ என்று விடை கூறி அமைவாரும் உளர். அவ்விடை ஆராயத்தக்கது.

இவ்வுணவு பிறந்த இடம் புலால் மறுத்த இடமே. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே, பற்றில் கிறீக் நகரில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்த் சபையினர் தொடங்கிய மருத்துவ நிலையத்தில் நோயாளருக்கு இறைச்சி வழங்குவதில்லை. அந்நிலையத்தை நடத்திய டாக்டர் யோன் ஹார்வி கெலொக்கும் தம்பியார் வில் கீத் கெலொக்கும் 1894இல் கோதுமையைச் செதிலாக்கும் முறையைக் கண்டனர். 1906இல் தம்பியார் நிறுவிய கம்பனி சோளச் செதிலை உலகெங்கும் பரப்பியது. பின்னாளில் சுவையும் நிறமும் சத்தும் கூட்டப்பட்டபோது, பிறபொருள்கள் தானியத்துட் புகுந்தன.

அவற்றை இருவகைப்படுத்திக் காணலாம். முதலாவது, இருநோன்புக்கும் ஆகாதன. சிறுவர்க்கான சில பெட்டிகளில் இருக்கும் மெத்தென்ற இனிப்புத் துண்டுகளிற் சேரும் ஜெலற்றின், விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து வடிப்பது. ஈ120 என்னும் செந்நிறம் ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பெறுவது. இரண்டாவது, சைவத்துக்கு இசைந்து நனிசைவத்துக்கு இசையாதன. பால்மா, மோர்ப்புரதம், தேன் என்பன வெளிப்படை. மறைந்து நிற்பது விற்றமின் டி3. அது பெரும்பாலும் செம்மறியாட்டுக் கம்பளியிற் படிந்த லனோலின் என்னும் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுவது. கற்பாசியிலிருந்து பெறுவதும் உண்டு. ‘மால்ற்’ என்னும் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையே.

நம் நாட்டில் 1973 முதல் கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. ஆதலின் சைவம், நனிசைவமன்று. இந்தியாவிலிருந்து வரும் பெட்டிகளிற் காணும் பச்சைப் புள்ளியும் பாலையும் தேனையும் விலக்குவதன்று. அதனாலன்றோ அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை நனிசைவ உணவுக்கென 2022இல் வேறு விதியும் வேறு குறியும் வகுத்தது!

இனி நம் அடுக்களையை நோக்குக. அரிசிமாப் பிட்டு, குரக்கன்மாப் பிட்டு, இடியப்பம், தேங்காய்ப்பாற் சொதி எல்லாம் பெயரின்றியே நனிசைவம். இங்கே பசுவின் பால் செய்யும் வேலையைத் தேங்காய்ப்பாலே செய்துவிடுகின்றது. ஆயின் சம்பலில் மாசிக்கருவாட்டுத் தூள் சிறிது விழுந்தாலும் இருநோன்பும் ஒருங்கே கெடும். அது விழுந்ததோ இல்லையோ என்பதைச் சமைத்தவரே அறிவார். உண்பவர் அவர் சொல்லை நம்பிக் கை வைக்கின்றார்.

பெட்டியுணவுக்கு அச்சொல்லைக் கூறுவது அதன் பக்கத்தில் அச்சிட்ட சிற்றெழுத்தே. அதிலும் ‘விற்றமின் டி’ என்று மட்டும் இருப்பின், அது எதிலிருந்து பெற்றது என எழுதிக் கேட்பதே வழி. மாணவர்காள்! பாட்டுக்குப் பதம் பிரித்துப் பொருள் காணும் நீங்கள், அப்பயிற்சியை இச்சிற்றெழுத்திலும் செலுத்துங்கள். விருந்தினரின் நோன்பு பெரிதோ சிறிதோ, அது நமக்கு உடன்பாடோ அன்றோ, அறியாமற் கெடுக்க நமக்கு உரிமையில்லை. ‘இது உமக்கு ஆகும்’ என்று கூறுமுன் படித்தறிந்து கூறுதலே விருந்தோம்பல்.