முறைப்பும் பார்வையும்

“என்னடா முறைக்கிற?”

டாஸ்மாக் பாரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கு இந்தக் கேள்வி பழக்கமாகியிருக்கும். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் முறைத்திருக்கவே மாட்டார். கேட்டவரின் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் டி.வி.யில் ஸ்கோர் பார்த்திருப்பார். ஆனால் கேள்வி விழுந்துவிட்டால் அதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. ‘இல்லண்ணே’ என்றால் பயந்தாங்கொள்ளி. ‘ஆமா, அதுக்கென்ன இப்ப’ என்றால் பாட்டில் உடையும். பேசாமல் இருந்தால் திமிர் பிடித்தவன்.

ஓர் ஆண் இன்னோர் ஆணை இரண்டு நொடிக்கு மேல் கண் எடுக்காமல் பார்த்தால் அது சவால். இந்த இலக்கணம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. கிளாஸ்கோவின் பப்பிலும் இதே கேள்வியில்தான் சண்டை பிறக்கிறது, மொழிதான் வேறு.

அதே பார்வையை லண்டன் சோஹோவிலோ மான்செஸ்டரின் கனால் ஸ்ட்ரீட்டிலோ உள்ள, தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் ஒரு கே பாருக்குள் கொண்டுபோங்கள். அங்கே அது விசாரிப்பு. பிடித்திருந்தால் திரும்பப் பார்க்கலாம்; பிடிக்காவிட்டால் கோப்பைக்குள் கண்ணை இறக்கிக்கொள்ளலாம். அதிகபட்சச் சேதம், கொஞ்சம் வெட்கம். இரண்டு வகை வாசல்களிலும் நின்று பார்த்த பவுன்சர்கள், கே பார் டியூட்டி என்றால் அன்றைக்கு நிம்மதி என்பார்கள். அந்தத் தொழிலில் இது பழைய பேச்சு.

கே ஆண்கள் மென்மையானவர்கள், அதனால் சண்டை வராது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கே பாருக்கு வருபவர்களில் கட்டடத் தொழிலாளி உண்டு, ராணுவத்தில் இருந்தவர் உண்டு, ஜிம்மே கதி என்று கிடப்பவரும் உண்டு. ஆண்கள், குடி, இருட்டு, காதைக் கிழிக்கும் பாட்டு எனச் சண்டைக்கு வேண்டிய விறகெல்லாம் அங்கேயும் அடுக்கியிருக்கிறது. பெண்களைக் கவரத்தான் ஆண்கள் மோதிக்கொள்கிறார்கள், அங்கே அந்தத் தேவை இல்லை என்பது இன்னொரு விளக்கம். அப்படியானால் டாஸ்மாக் பாரில் எந்தப் பெண்ணுக்காக மண்டை உடைகிறது?

கனடா ஆய்வாளர் கேத்ரின் கிரஹாமும் அவர் குழுவினரும் டொரண்டோவில் 300 பேருக்கு மேல் கொள்ளும் 118 பார்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்த ஆட்களை இரவிரவாக உள்ளே உட்கார வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சச்சரவுகள் பதிவாயின. சண்டைக்குக் குடி மட்டும் காரணமல்ல, இடமும்தான் என்று அதில் தெரிந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நகரும் நெரிசல், ‘இங்கே எதுவும் செல்லும்’ என்ற எண்ணம், ஊழியர்கள் நடந்துகொள்ளும் முறை எல்லாம் கணக்கில் வந்தன. சில நேரம் பவுன்சரே அடியைத் தொடங்கி வைப்பவராக இருந்தார். கிரஹாம் 2008ல் ராஸ் ஹோமலுடன் சேர்ந்து எழுதிய நூலும் இதைத்தான் விரித்துப் பேசுகிறது.

தோளில் இடித்து பீர் சிந்துவதை எடுத்துக்கொள்வோம். சட்டையில் விழுந்த பீர் காய்ந்துவிடும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசாமல் விட்டால் போகிற மானம்தான் காயாது. கே பாரில் அந்த மானக் கணக்கை வைத்துக்கொள்ள ஆள் குறைவு. பள்ளிக்கூடத்தில் ‘ஆம்பளையா நீ’ என்று கேட்டு அடிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் பலர் கூடியிருக்கும் இடத்தில், கை ஓங்குவது வீரமாக எடுபடாது.

அங்கே சண்டையே இல்லை என்று சொல்லவில்லை. பிரிந்துபோன காதலன் புதியவனுடன் உள்ளே நுழைந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து லெஸ்பியன் பார்களைப் பற்றி 1993ல் வந்த விரிவான வரலாற்று நூல் ஒன்றில், ஆண் உடையில் வரும் பெண்கள் கைகலப்பில் இறங்கியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டார்கள், வம்புக்கு வந்த வெளி ஆண்களையும் அடித்தார்கள். சம்பளம் வாங்காத பவுன்சர்கள்.

உள்ளே சண்டை குறைவென்றால் வாசலில் ஆள் எதற்கு? சாதாரண பாரின் பவுன்சர் நிற்பது தெருவில், அவர் கவலையெல்லாம் உள்ளே. யாருக்கு ஏறிவிட்டது, எந்த மேசையில் குரல் உயர்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கே பார் வாசலில் நிற்பவரின் கண் தெருவைவிட்டு அகலாது. ஆபத்து அங்கிருந்துதான் வரும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது.

நியூயார்க்கின் ஸ்டோன்வால் இன் 1967ல் கே பாராகத் திறந்தபோது அதை நடத்தியது மாஃபியா. தன்பாலீர்ப்பாளர்கள் கூடினாலே அது ‘ஒழுங்கீனமான இடம்’ என்று மதுபான உரிமத்தைப் பறித்த காலம். நியாயமான வியாபாரி யாரும் அந்தத் தொழிலில் இறங்கமாட்டார். கனமான கதவு, அதில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. உள்ளே இருப்பவர் வந்தவர் முகத்தைப் பார்த்து, தெரிந்தவரா, போலீஸா என்று முடிவு செய்த பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பொய்ப் பெயர் எழுதுவார்கள். ஜன்னல்களுக்கு உட்புறம் பலகை அடித்திருந்தது. ரெய்டு வருகிறதென்றால் நடன அறையில் வெள்ளை விளக்குகள் எரியும். ஜோடிகள் விலகி நிற்பார்கள். கவுன்டருக்குப் பின்னால் கோப்பை கழுவக் குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. பாதுகாப்புக்குச் செய்த செலவு அத்தனையும் வாசலில்தான். 1969 ஜூன் 28 அதிகாலை ரெய்டுக்குப் போன போலீஸ், வெளியே திரண்ட கூட்டத்துக்குப் பயந்து அதே பாருக்குள் புகுந்து அதே கதவை அடைத்துக்கொண்டது. போலீஸைத் தடுக்கப் போட்ட கதவு அன்றிரவு போலீஸைக் காப்பாற்றியது!

மான்செஸ்டரில் 1990ல் மேண்ட்டோ என்ற பார் சுவருக்குப் பதிலாகப் பெரிய கண்ணாடி வைத்துத் திறந்தது. அதுவரை அங்கே கே பார் என்றால் கறுப்புச் சாயம் பூசிய ஜன்னலும் சந்து வாசலும்தான். கண்ணாடி வந்தது, உள்ளே இருப்பவர்களைத் தெரு பார்த்தது, தெரு உள்ளே வரவும் ஆரம்பித்தது. இங்கே ஆண்கள் தொல்லை இல்லை என்று பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அந்தப் பெண்களைத் தேடி அவர்கள் எந்த ஆண்களிடமிருந்து தப்பி வந்தார்களோ அதே ஆண்கள் வந்தார்கள். கூடவே முறைப்பும் வந்தது. ‘இது கே பார், தெரியும்தானே?’ என்று வாசலில் நிற்பவர் கேட்கிற கேள்விக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் ஹாலிவுட்டில் தி ஆபி என்ற கே பார் 2012ல் மணப்பெண் தோழியர் பார்ட்டிகளையே தடை செய்தது. எங்களுக்குத் திருமண உரிமை இல்லாதபோது உங்கள் கல்யாணக் குதூகலத்தை எங்கள் மேசையில் கொண்டாடாதீர்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வெளியே, உள்ளே என்று நான் பிரித்துக்கொண்டே போகிறேன். நியூ ஆர்லியன்ஸில் 1973 ஜூன் 24 நடந்தது இந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் மாடியில் இருந்த கே பார். தெருவிலிருந்து குறுகலான மரப்படி ஏற வேண்டும். மேலே கதவு, அழைப்பு மணி. ஞாயிற்றுக்கிழமை மாலை; மலிவு விலை பீர் நேரம் முடிந்தும் அறுபது பேருக்கு மேல் பியானோவைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்பு ஒரு சிறிய தகராறு. கழிப்பறையில் ஒருவர் தொந்தரவு செய்தார் என்று இன்னொருவர் தாடையில் குத்தினார். தொந்தரவு செய்தவரை வெளியே அனுப்பினார்கள். எந்த ஊர் பாரிலும் வாரத்துக்கு இரண்டு முறை நடப்பதுதான்.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் மணி அடித்தது. டாக்ஸி வந்திருக்கும் என்று கதவைத் திறந்தார்கள். படிக்கட்டில் யாரோ லைட்டர் திரவம் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். திறந்த கதவு வழியாகத் தீ அறைக்குள் பாய்ந்தது. பெரிய ஜன்னல்களில் கம்பி. போதையில் யாரும் தவறி விழக்கூடாது என்று பாதுகாப்புக்காகப் போட்டவை. பார் ஊழியர் பட்டி ராஸ்முசன் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பின்வாசல் வழியாகக் கூரைக்குக் கூட்டிப்போனார். 32 பேர் இறந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்மீது சந்தேகம் விழுந்தது; வழக்கு எதுவும் வரவில்லை, அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். இறந்தவர்களுக்கு இறுதி வழிபாடு நடத்தப் பல தேவாலயங்கள் மறுத்தன.

ஒருவரை வாசலுக்கு வெளியே தள்ளியதும் பவுன்சரின் வேலை முடிந்துவிட்டது என்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

அதற்குப் பிறகு நடந்த தாக்குதல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தன. 1999 ஏப்ரல் 30, சோஹோவின் அட்மிரல் டங்கன் பப்பில் விட்டுச்செல்லப்பட்ட பை; உள்ளே ஆணிகள் நிரப்பிய குண்டு; மூன்று பேர் பலி. 2016 ஜூன் 12, ஆர்லாண்டோவின் பல்ஸ் இரவு விடுதி. அங்கே பாதுகாப்பு இல்லாமலில்லை. ஓய்வு நேரத்தில் கூடுதல் வேலை பார்த்த போலீஸ் அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு நின்றார், கொலையாளியை நோக்கிச் சுடவும் செய்தார். இருந்தும் 49 பேர் இறந்தார்கள். கொலையாளியின் பிழைப்பு என்ன தெரியுமா? செக்யூரிட்டி வேலை. உரிமம் பெற்ற பாதுகாவலர்.

கொலராடோ ஸ்பிரிங்ஸின் கிளப் க்யூவில் 2022 நவம்பர் 19 நள்ளிரவை ஒட்டி ஒருவன் சுட ஆரம்பித்தபோது அவனைத் தரையில் சாய்த்தவர், மனைவி மகளோடு நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த முன்னாள் ராணுவ வீரர் ரிச்சர்ட் ஃபியரோ. கடற்படையைச் சேர்ந்த ஒருவர் அவருக்குத் துணைக்கு வந்தார். ஒரு திருநங்கை தன் குதிகால் செருப்பால் மிதித்தார். ஐந்து உயிர்கள் போயின; அந்த மூவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ.

வாசல் ஆளை நான் தெய்வமாக்கவும் விரும்பவில்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்கக் கே பார்கள் பலவற்றில் வெள்ளையரை ஒரு பார்வையில் உள்ளே விட்டவர்கள், கறுப்பினத்தவரிடம் இரண்டு, மூன்று அடையாள அட்டை கேட்டார்கள். 1980ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, கறுப்பு வெள்ளை ஆண்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று இதை எதிர்த்தே ஊர் ஊராகப் போராடியது. துளை வழியாகப் பார்க்கும் கண்ணுக்கும் சாதி உண்டு போலிருக்கிறது. கண்ணில் படாத ஆபத்தும் உண்டு. 2022ல் நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பார்களிலிருந்து கிளம்பிய இருவர் போதைமருந்து கொடுக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் முகத்தைக் காட்டியே போனைத் திறந்து வங்கிக் கணக்கைத் துடைத்திருந்தார்கள். சத்தமில்லை, தள்ளுமுள்ளு இல்லை, உடைந்த பாட்டில் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஸ்டோர்மே டெலார்வெரி. 1920ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். கறுப்பினத் தாய், வெள்ளைத் தந்தை. ஜூவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற நாடகக் குழுவில் கோட்டு சூட்டு போட்டு மேடையேறிய பாடகி. ஸ்டோன்வால் இரவில் முதல் குத்து விட்டவர் அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பிறகு நியூயார்க் லெஸ்பியன் பார்களின் வாசலில் பல ஆண்டுகள் பவுன்சராக நின்றார். உரிமத்தோடு இடுப்பில் துப்பாக்கி. உள்ளே இருக்கும் பெண்கள் எல்லோரும் அவருக்குக் குழந்தைகள். எண்பது வயதைத் தாண்டிய பிறகும், யாரும் அனுப்பாமல், ஏழாம் அவென்யூவுக்கும் எட்டாம் அவென்யூவுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பார். ஒரு பாரின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். குழந்தைகளிடம் யாரும் வம்பு செய்யவில்லை என்று தெரிந்ததும் அடுத்த பாரை நோக்கி நடப்பார்.