ராஜபார்ட் – 9: இரவல் வாங்காத குரல்

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-ல் ரயில் விட்டார்கள். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று மேற்கு மலையைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போகிற பாதை. பஞ்சும் நூலும் தீப்பெட்டியும் போன அந்த வழியில்தான் ஆர்மோனியப் பெட்டிகளும் வேஷ டிரங்குகளும் போய் வந்தன. நாடகக்காரர்களுக்கு அது கைவந்த சுற்று. ஒரு முனையில் மதுரை, மறு முனையில் செங்கோட்டை. நடுவில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கோவில், ஒரு திருவிழா, ஒரு மேடை.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறு அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. காடும் ஓடையும் பாறையுமாக இருக்கும் இந்த மலையடி வட்டாரத்தில் 'வள்ளி திருமணம்' பார்ப்பதற்குத் தனியாக சீன் படுதா தேவையில்லை. தினைப்புனம் காக்கிற பெண், வேட்டைக்கு வந்த ஆண், யானை, மலை எல்லாமே பார்வையாளருக்குப் பழகிய சங்கதிகள். சங்கரதாஸ் சுவாமிகளின் அந்த நாடகம் தென் மாவட்டங்களில் இன்னும் சாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

செங்கோட்டை முனையிலிருந்து புறப்பட்டவர் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. அவரைப் போன வாரம் பார்த்தோம். 1933 டிசம்பரில், 27 வயதில் அவர் போய்ச் சேர்ந்தபோது, மதுரை முனையில் சோழவந்தானுக்கு அருகே வைகைத் தென்கரையில் ஒரு ஒன்பது வயதுப் பையன் இருந்தான். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன வட்டாரம் அது. ஊர் தென்கரை, அப்பா ராமகிருஷ்ணன், பையன் மகாலிங்கம். இனிஷியலில் ஊரையும் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு டி.ஆர். மகாலிங்கம் ஆனவர் அவர்தான்.

மகாலிங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'கணீர்க் குரல்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் குரல் அப்படி இருந்ததற்குக் காரணம் இயற்கை மட்டுமல்ல, தொழில்.

மைக் இல்லாத மேடையை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நாடகம். மண்ணில் ஆயிரம் பேர். கடைசி வரிசைக்குப் பின்னால் முறுக்கு விற்கிறவர் காதிலும் பாட்டு விழ வேண்டும். அடித்தொண்டையில் எத்தனை நுணுக்கமாகப் பாடினாலும் பத்து வரிசை தாண்டாது. ஏறிப் பாடினால்தான் எட்டும். இன்றைய கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். நாடக மேடையில் நாலு, நாலரை என்று போவார்கள். நம் ஆர்மோனியக் கணக்கில் ஒன்றாம் கட்டையை ஸட்ஜமாக வைத்தால் ஐந்தாம் கட்டை அதற்குப் பஞ்சமம். அந்த உயரத்தில் தாரஸ்தாயியைத் தொட்டு, அங்கேயே நின்று, பிருகாவும் போட்டுக் காட்டினால் ராஜபார்ட், அதாவது நாடகத்தின் நாயகன். இல்லையென்றால் கூட்டத்தோடு கூட்டம்.

சிறுவர்களை வைத்து பாய்ஸ் கம்பெனிகள் நடந்ததும் இதனால்தான். பையன்களின் தொண்டை இயல்பாகவே அந்த உயரத்தில் இருக்கும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பலருக்குத் தொழிலே போய்விடும். நேற்றுவரை கைதட்டு வாங்கியவன் மறுநாள் சேவகன் வேஷத்துக்கு இறங்குவான். மகாலிங்கம் அந்தக் கண்டத்தைத் தாண்டியும் உயரத்தை விடாமல் வைத்துக்கொண்டவர். கிட்டப்பாவின் பாணி அவர் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

சினிமா அவரைக் கூப்பிட்டபோது வயது 14. ஏ.வி. மெய்யப்பன் 1938-ல் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் கிருஷ்ணன் வேஷம். இந்தப் படத்தைச் சினிமா சரித்திரக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கடராமன் என்பவரைப் பாடவைத்து, நடிகையை வாயசைக்கச் சொன்னார். தமிழில் பின்னணிப் பாடல் என்று ஒன்று தொடங்கியது அங்கே. அதற்குமுன், பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். பக்கவாத்தியக்காரர்களை மரத்தடியிலோ படுதாவுக்குப் பின்னாலோ கேமராவில் படாமல் உட்கார வைத்துவிட்டு, பாட்டையும் நடிப்பையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மகாலிங்கம் என்கிற பாடும் நடிகர் அறிமுகமான படத்திலேயே, பாடும் நடிகர்களுக்கு வேலை இல்லாமல் செய்யப்போகிற உத்தியும் அறிமுகமாகிவிட்டது. அன்றைக்கு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டு சரியில்லாத ஒரு நடிகைக்குச் செய்த ஒட்டுவேலை, அவ்வளவுதான்.

அடுத்து 1939-ல் 'பிரகலாதா'. மகாலிங்கம்தான் பிரகலாதன். அந்தப் படத்தில் இந்திரனாக வந்துபோன இளைஞர் எம்.ஜி. ராமச்சந்திரன். பிறகு 'பூலோக ரம்பை', 'தயாளன்' என்று சில படங்கள். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

1944 முடியும் நேரத்தில் நிலைமை தலைகீழானது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' மட்டும் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது; பாடியவர் சிறையில். தமிழ்நாட்டின் பெரிய தொண்டை ஒன்று களத்தில் இல்லாத அந்த 1945-ல்தான் மெய்யப்பனின் 'ஸ்ரீ வள்ளி' வெளிவந்தது. முருகன் டி.ஆர். மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மிணி. (பின்னாளில் நடிகை லட்சுமியின் அம்மா என்று சொன்னால் இன்னும் சிலருக்குத் தெரியும்.)

கிட்டப்பா மேடைதோறும் பாடி ஊரைக் கிறங்க வைத்த வேடன் பாட்டை மகாலிங்கம் இந்தப் படத்தில் பாடினார். அசட்டுத் துணிச்சல்தான். கிட்டப்பா இறந்து பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவரை நேரில் கேட்டவர்கள் தியேட்டருக்கு வந்திருந்தார்கள். ஒப்பிடாமலா இருப்பார்கள்? ஒப்பிட்டார்கள், திரும்பத் திரும்ப வந்தும் கேட்டார்கள். படம் பெரும் ஓட்டம் ஓடியது. 21 வயதில் மகாலிங்கம் நட்சத்திரம்.

இங்கேயும் அதே கதை இன்னொரு முறை நடந்தது. ருக்மிணி தன் பாட்டுகளைத் தானே பாடியிருந்தார். மகாலிங்கத்தின் குரலுக்குப் பக்கத்தில் அது எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குப் பட்டது. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே எடுத்து முடித்திருந்த ருக்மிணியின் வாயசைவுக்குப் பொருத்தினார். முன்னது ஒட்டுவேலை என்றால் இது அறுவை சிகிச்சை. மகாலிங்கத்தின் குரல் இருந்த உயரம்தான் கூட நடித்தவரின் குரலை மாற்ற வைத்தது. தமிழ் சினிமாவில் பின்னணிப் பாடல் கால் ஊன்றியதற்கு, தன்னை அறியாமலே அவரும் உதவியிருக்கிறார்.

அடுத்து மெய்யப்பனின் ஏவி.எம். காரைக்குடிக்கு இடம் பெயர்ந்து, நாடகக் கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கி எடுத்த 'நாம் இருவர்'. 1947 ஜனவரி. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னால் பாரதி பாட்டுகளோடு வந்த படம். டி.கே. பட்டம்மாளின் குரலும் குமாரி கமலாவின் நடனமும்தான் இன்றும் பேசப்படுகின்றன. கதாநாயகன் மகாலிங்கம் என்பதைச் சொல்லித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1948-ல் 'வேதாள உலகம்', 'ஞானசௌந்தரி'. இந்த ஞானசௌந்தரிக்கு ஒரு போட்டி இருந்தது. ஜெமினி வாசனும் அதே கதையை அதே பெயரில் எடுத்தார். சிட்டாடல் எடுத்து மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த படம் ஜெயித்தது. வாசன் தன் படத்தைத் தியேட்டர்களிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். வாசனையே பின்வாங்க வைத்த படத்தின் நாயகன் என்றால் அன்றைய மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

சம்பாதித்தவர் அடுத்து என்ன செய்வார்? படம் எடுப்பார். மகன் சுகுமார் பெயரில் கம்பெனி வைத்தார். 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை', 'விளையாட்டு பொம்மை'. எஸ். வரலட்சுமியோடு அவர் பாடிய ஜோடிப் பாட்டுகள் அந்தப் படங்களிலிருந்துதான் நமக்கு மிஞ்சின. டி.ஜி. லிங்கப்பா 'மோகனசுந்தரத்து'க்குப் போட்ட மெட்டுகள் இப்போது கேட்டாலும் வாடாதவை. 'சின்னதுரை'யை இயக்கியதும் மகாலிங்கமே. பாட்டு நின்றது, பணம் நிற்கவில்லை. கடன் ஏறியது.

கடனுக்குக் காரணம் தயாரிப்புத் தொழில் தெரியாதது மட்டும் என்று நினைக்க முடியவில்லை. காலம் அவருக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தது. 1952-ல் 'பராசக்தி' வந்தது. பாட்டைவிட வசனத்துக்குக் கைதட்டினார்கள். 1954-ல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடினார். நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்று வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அது திறமை என்பது போய், பழைய வழக்கம் என்று ஆனது. மைக்கும் நல்லதாகிவிட்டது. முணுமுணுத்தாலே கேட்கும்போது எதற்காக ஐந்தாம் கட்டையை எட்டிப் பிடிக்க வேண்டும்? ஏ.எம். ராஜாவின் மெல்லிய குரல் ஊரெல்லாம் ஒலித்த காலம் அது.

அந்தச் சமயத்தில் கை கொடுத்தவர் கண்ணதாசன். கவிஞர் முதன்முதலாகத் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' 1958-ல் வந்தது. நாயகன் மகாலிங்கம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. மனோரமாவுக்கும் இதுதான் முதல் படம். பாடும் நாயகர்களின் காலம் முடிந்தது என்று கோடம்பாக்கமே தீர்ப்பு எழுதிவிட்டபிறகு, ஒரு கவிஞர் தன் வரிகளைப் பாட இவரைத் தேடிப் போனார். விஸ்வநாதன் – ராமமூர்த்தியும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். அந்தக் குரலைப் புது பாணிக்கு இறக்கப் பார்க்கவில்லை. அது ஏறட்டும் என்று மெட்டில் இடம் விட்டார்கள். அந்தப் படத்தின் விருத்தமும் காதல் பாட்டும் மகாலிங்கத்தின் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோயின.

ஆனாலும் அது ஒரு மறுவாழ்வு, பழைய ராஜ்யம் அல்ல. அந்த ராஜ்யத்தின் கதி என்ன ஆயிற்று என்பதை ஏ.பி. நாகராஜன் ஒரு படத்திலேயே காட்டிவிட்டார்.

1965-ன் 'திருவிளையாடல்'. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். மதுரைக்கு வருகிற ஹேமநாத பாகவதர், தன்னோடு பாடி ஜெயிக்க ஆள் உண்டா என்று பாண்டிய நாட்டுக்கே சவால் விடுகிறார். எதிர்த்துப் பாடப் பணிக்கப்பட்டவர் பாணபத்திரர். பயந்துபோய் சொக்கநாதரிடம் முறையிடுகிறார். சிவன் விறகுவெட்டியாக வந்து பாடி, ஹேமநாதரை இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓட வைக்கிறார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடியவர்கள் யார் என்று பாருங்கள். ஹேமநாதராக நடித்த டி.எஸ். பாலையாவுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. சிவனாக வந்த சிவாஜிக்குக் குரல் டி.எம்.எஸ். இந்தப் போட்டியில் சொந்தக் குரலில் பாடுகிறவர் பாணபத்திரர் ஒருவர்தான். அவர்தான் மகாலிங்கம். 'என்னால் முடியாது, நீ வந்து காப்பாற்று' என்று அழுகிற பாத்திரம் அவருக்கு. இரவல் குரல்கள் இரண்டு மோதிக்கொள்ள, சொந்தக் குரல்காரர் கோவிலில் நின்று கெஞ்சுகிறார். நாகராஜன் இதை யோசித்துச் செய்தாரா, தற்செயலா தெரியாது. அந்தக் கெஞ்சலை மகாலிங்கம் பாடியிருக்கிற விதத்தில் மட்டும் தோற்கிறவனின் சாயலே இல்லை.

அதே படத்தில் ஔவையாராக வந்து சொந்தக் குரலில் பாடிய இன்னொருவர் கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலை கட்டி மேடையிலிருந்து ஒதுங்கி, சில காலம் கழித்துத் திரும்பியவர். கிட்டப்பாவின் மனைவியும், கிட்டப்பாவின் பாணியை நகலெடுத்து வளர்ந்த தென்கரைப் பையனும் ஒரே டைட்டில் கார்டில். சங்கரதாஸ் சுவாமிகளின் மேடை, ஈஸ்ட்மன் கலரில் கடைசியாக ஒருமுறை கூடிய இடம் என்று அந்தப் படத்தைச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு சினிமா அவருக்கு ஒதுக்கியது புராணமும் சரித்திரமும்தான். 'அகத்தியர்' (1972) படத்தில் நாரதர். 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழ'னில் ஒரு வேஷம். அடியாராகவோ முனிவராகவோ வந்தால் மட்டும் ஒருவர் தானே பாடலாம் என்று ரசிகர்கள் சம்மதித்திருந்தார்கள் போலிருக்கிறது. கடவுளிடம் பேசுகிறவன் வாயசைத்தால் நன்றாக இருக்காதல்லவா!

1978 ஏப்ரல் 21-ல் மகாலிங்கம் காலமானார். வயது 53.

மதுரை தொடங்கி செங்கோட்டை வரை கோவில் பொங்கலுக்கும் கொடைக்கும் ஸ்பெஷல் நாடகம் போடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று போட்டோ போட்டு நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஆளுயர ஒலிபெருக்கி இருக்கிறது, மெதுவாகப் பாடினாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆனாலும் வேடன் வேஷக்காரர் உள்ளே வந்ததும் ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றித்தான் வைக்கிறார். அங்கே ஒரு விருத்தத்தை உச்சத்தில் பிடித்து நிறுத்தாவிட்டால் முன்வரிசைப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அவர்கள் காதில் ஏற்கெனவே ஒரு 'ஸ்ரீ வள்ளி' ஓடிக்கொண்டிருக்கிறது.

மகாலிங்கத்துக்காவது விழுந்தபின் எழுந்து இருபது வருஷம் நடிக்கக் கிடைத்தது. அவருக்குமுன் ராஜபார்ட்டாக மேடையையும் திரையையும் ஒருசேர ஆண்ட பி.யு. சின்னப்பாவுக்கு அதுவும் இல்லை. 1951 செப்டம்பரில், 35 வயதில் அவர் கதை முடிந்தது. அந்தக் கதைக்காக அடுத்த வாரம் புதுக்கோட்டை.

(தொடரும்)