பல்லுக்குள் ஒரு மழைக்காடு

இலங்கையில் இரத்தினபுரிக்குப் பக்கத்தில், குருவிட்ட என்ற ஊரை அடுத்த மலைக்காட்டில் பட்டதொம்பலென என்றொரு பாறைக்குகை இருக்கிறது. சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு வயல் கிடையாது, ஆடுமாடு கிடையாது. வேட்டையாடுவார்கள், காட்டில் கிடைப்பதைப் பொறுக்கித் தின்பார்கள்.

குகை வாசலில் நின்று அவர்கள் வெளியே பார்த்தபோது என்ன தெரிந்திருக்கும்? இன்றைக்கு இருப்பதுபோல அடர்ந்த காடா, வெறும் புல்வெளியா?

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் உச்சத்தில் இருந்தது. ஏராளமான நீர் நிலத்தின்மேல் பனிப்பாளமாக உறைந்துவிட்டதால், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து போனது. ராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்! தென்மேற்குப் பருவமழையும் அப்போது மெலிந்திருந்தது. மழை குறைந்தால் காடு என்ன ஆகும்?

முதல் சாட்சி, அந்த மனிதர்கள் போட்ட குப்பை. மழைக்காட்டு மண்ணில் எலும்பு சீக்கிரம் மக்கிப் போகும். குகைக்குள் மழை விழாததால் இங்கே தப்பித்தது. தோண்டிப் பார்த்தபோது குரங்கு, மந்தி, மலையணில் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. மழைக்காட்டு நத்தைகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சிங்களத்தில் கெக்குன எனப்படும் காட்டு மரத்தின் கொட்டை ஓடுகளும் கிடைத்தன. மலையணில் மரத்துக்கு மரம் தாவிப் பிழைக்கும் பிராணி. அது இருந்தால் கிளையோடு கிளை உரசும் மரக்கூட்டமும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் குகையில் எலும்பு கிடந்தால் உடனே மனிதர் தின்றது என்று முடிவு கட்டக் கூடாது. ஆந்தையோ சிறுத்தையோ தின்றுவிட்டுப் போட்டிருக்கலாமே! அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வோர் எலும்பையும் உருப்பெருக்கியில் வைத்து, கல் கத்தி கீறிய தடமும் நெருப்பில் கருகிய தடமும் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். கண் வலிக்கும் வேலை. எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு வருவது இந்தப் பொறுமைக்காகத்தான்.

அடுத்த சாட்சி இன்னும் வியப்பானது: மனிதர்களின் பல்.

இயற்கையில் கார்பன் அணுக்கள் ஒரே எடையில் இருப்பதில்லை. பெரும்பாலானவை கார்பன்-12, நூற்றுக்கு ஒன்று சற்றே கனமான கார்பன்-13. அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கார்பன்-13 மிகக் குறைவு. வெயில் காயும் வெட்டவெளிப் புற்களில் அது அதிகம். செடியைத் தின்னும் விலங்குக்கும், அந்த விலங்கைத் தின்னும் மனிதருக்கும் இந்த வித்தியாசம் கைமாறும்.

பல்லின் மேற்பூச்சான எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகும். ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. உங்கள் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல், நீங்கள் பிறந்த சமயத்திலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிட்டது. நெல்லுச்சோறு தின்று வளர்ந்த பிள்ளையின் பல்லுக்கும், கம்பங்கூழும் சோளமும் தின்று வளர்ந்த பிள்ளையின் பல்லுக்கும் கார்பன் கணக்கு வேறுபடும். ஏனென்றால் கம்பும் சோளமும் அந்த வெட்டவெளிப் புற்களின் உறவு.

பேட்ரிக் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இலங்கையின் பழைய குகைகளிலும் வாழிடங்களிலும் கிடைத்த 26 மனிதர்களின் பற்களிலிருந்து துளியூண்டு எனாமல் பொடியைச் சுரண்டி எடுத்து அளந்தார்கள். விலங்குகளின் பற்களையும் அளந்தார்கள். காட்டுக்குள்ளேயே மேய்ந்தவை எவை, வெளியில் மேய்ந்தவை எவை என்று தெரிந்தால்தானே மனிதரின் கணக்கை ஒப்பிட முடியும்? முடிவு 2015-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, அந்த மனிதர்களில் பெரும்பாலோர் மழைக்காட்டையும் அதன் ஓரங்களையும் நம்பியே வாழ்ந்தார்கள். வறண்ட காலத்திலும் அங்கே காடு இருந்தது. அதை விட்டு அவர்கள் போகவில்லை.

மழைக்காட்டில் வேட்டையாடிப் பிழைப்பது மனிதரால் ஆகாத காரியம் என்று பல அறிஞர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பெரிய விலங்குகள் அரிது. சிறியவையோ மர உச்சியில் ஓடும். ஈட்டியை எறிந்து ஓர் அணிலை வீழ்த்த முடியுமா? களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையில் இதற்கு விடை கிடைத்தது. சின்னச் சின்னதாய்க் கூர் தீட்டிய எலும்பு முனைகள் நூற்றுக்கும் மேல் அங்கே கிடைத்தன. அவற்றில் சில 48,000 ஆண்டுகள் பழையவை. வேகமாகப் பாய்ந்து மோதி நுனி உடைந்த தடம் பலவற்றில் இருப்பதால், அவை அம்பு முனைகளாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த முனைகளில் பெரும்பாலானவை குரங்கின் எலும்பில் செய்தவை.