வேட்டை ரவையும் வேட்டையாடுபவரின் பொறுப்பும்



அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியை வதைக்கலாகாது என்பது நம் மார்க்கம் கற்றுத்தரும் ஒழுக்கம். துப்பாக்கியால் வேட்டையாடும் நாடுகளில் இவ்வொழுக்கம் ரவையைத் தெரிவு செய்யும்போதே ஆரம்பமாகிறது.

வேட்டைக்கான சன்னங்கள் பிரதானமாக இரு வகைப்படும். ஒன்று, உடலினுள் நுழைந்ததும் முனை விரியும் சன்னம். மற்றையது, உருமாறாது ஊடுருவும் கெட்டிச் சன்னம். மானுக்கு முதல் வகையே பொருத்தமானது. அது இருதயத்தையும் நுரையீரலையும் அகலமாகத் தாக்குவதால் பிராணி விரைவில் உயிர் துறக்கும். கெட்டிச் சன்னமோ சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடலாம்; காயமுற்ற பிராணி வெகுதூரம் ஓடி வேதனையில் மடியும். யானையின் நிலை வேறு. விரியும் சன்னம் அதன் தடித்த மண்டையோட்டிலேயே நின்றுவிடக்கூடும் என்பதால் அங்கு கெட்டிச் சன்னமே வேண்டும்.

பருமனும் முக்கியமானது. 1912 இல் லண்டனின் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் வெளியிட்ட .375 மெக்னம் ரவை, சுமார் 19 கிராம் நிறையுள்ள சன்னத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 760 மீற்றர் வேகத்தில் செலுத்தும். ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் எருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 பருமனே ஆகக் குறைந்த அளவாகும். ஆயினும் பெரிய ரவை பிழையான குறியை ஈடுசெய்யாது. அதன் உதைப்புக்கு அஞ்சித் தோளை அசைப்பவரை விட, தாங்கக்கூடிய ரவையால் சரியாகக் குறிபார்ப்பவரே மேலானவர்.

பெற்றோர்களே, மூன்றாவது விடயம் உங்கள் உணவுத் தட்டைச் சார்ந்தது. ஈயச் சன்னம் விரியும்போது நுண்ணிய துணுக்குகளாகச் சிதறி, காயத்தைச் சூழ்ந்த இறைச்சியிலும் கலக்கிறது. 2008 இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென வழங்கப்பட்ட மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் காணப்பட்டதால் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. நல்லெண்ணத்துடன் கொடுத்த தருமமே தீங்காக மாறவிருந்தது! ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவென எதுவும் அறியப்படவில்லை. ஈயம் கலந்த எச்சங்களை உண்ட கொன்டோர் கழுகுகளும் மடிந்தன. எனவே கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈய ரவையை முற்றாகத் தடை செய்தது. செம்புச் சன்னம் விரிந்தாலும் பெரும்பாலும் சிதறுவதில்லை.

இளைஞர்களே, விசையை இழுக்கக் கணப்பொழுது போதும். அப்பிராணியின் வேதனைக்கும், அவ்விறைச்சியை உண்போரின் நலனுக்கும் பொறுப்புக் கூற வேண்டியவர் இழுத்தவரே. எந்தக் கருவியைக் கையில் எடுப்பினும் அதன் விளைவை முன்னரே அறிந்துகொள்வோமாக!